அண்ணன்கள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள், என்ன செய்ய?

கடிதத்தின் சாரம்

பாளையங்கோட்டையில் வசிக்கும் 46 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பிறந்த ஊர் கல்லிடைக்குறிச்சிக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவே, கன்னடியன் கால்வாய் பாயும் ஒரு கிராமம். இரண்டு அண்ணன்கள், ஒரு அக்கா. இவர் கடைக்குட்டி. அக்காவுக்குக் கல்யாணம் ஆனது 1987-ல். இவருக்கு 1999-ல், கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோதே முடித்துவிட்டார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்த அப்பா 2021-ல் காலமானார். அம்மா பெரிய அண்ணனோடு பழைய வீட்டில் இருக்கிறார்.

1971-ல் இறந்த தாத்தா வழியில் வந்த இரண்டரை ஏக்கர் நஞ்சை, அந்தப் பழைய வீடு, அப்பா 1992-ல் சம்பளச் சேமிப்பில் வாங்கிய ஒரு மனை. இவ்வளவுதான் சொத்து. வயல் ரோட்டை ஒட்டி இருப்பதால் பிளாட் போட ஒருவர் விலை பேசியிருக்கிறார். "பிசான நெல்லுக்கு நாத்துப் பாவுறதுக்குள்ள முடிச்சிரணும். நீயும் அக்காவும் வந்து விடுதலை எழுதிக் குடுத்திருங்க, ஆளுக்கு ரெண்டு லட்சம் தாரோம்" என்கிறார் பெரிய அண்ணன். விடுதலை என்றால் சொத்தில் தனக்குள்ள பங்கை மற்ற வாரிசுகளுக்கு விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம். "முப்பது பவுன் போட்டு அனுப்புனோம், வருஷம் தவறாம பொங்கப்படி குடுக்கோம், இன்னும் என்ன கொறை?" இது சின்னவர். பங்கு வாங்கிக்கொண்டு போகிறவள் அப்புறம் வாசலை மிதிக்கக் கூடாது என்று மதினி சொல்லிவிட்டார். "நான் இருக்கிற வரைக்கும் சண்டை வேண்டாம், போட்டுரு தாயி" என்று அம்மா அழுகிறார். கணவர் வேறு பக்கம் இழுக்கிறார்: பங்கை முழுசாகக் கேட்டு வாங்கி, விற்று, தன் ஹார்டுவேர் கடைக் கடனை அடைக்க வேண்டுமாம்.

இவர் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார், ஆரி எம்பிராய்டரி வேலை செய்கிறார். சொந்தமாக ஒரு சின்னக் கடை வைக்க ஆசை. பங்கு வந்தால் வைக்கலாம் என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டு வந்திருக்கிறார். இப்போது ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வருகிறது, நெஞ்சு படபடக்கிறது. "கேட்டால் நான் பேராசைக்காரியா? கேட்காவிட்டால் ஏமாளியா?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

இந்த வாரமோ அடுத்த வாரமோ நீங்கள் எதிலும் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அவசரம் பிளாட் போடுகிறவருக்கு. அட்வான்ஸ் கைமாறியிருந்தால் அண்ணன்களுக்கும் அவசரம். உங்களுக்கு அவசரம் கிடையாது. பங்கு வேண்டும், வேண்டாம் என்ற முடிவைக்கூட இப்போதே எடுக்க வேண்டியதில்லை. "படிச்சுப் பார்த்துட்டுச் சொல்லுதேன் அண்ணே, ரெண்டு மாசம் டயம் குடுங்க" என்று சொன்னால் அது மறுப்பும் ஆகாது, சண்டையும் ஆகாது.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. பத்திர ஆபீஸில் நடப்பதைத் தினமும் பார்க்கிறவள் நான். பத்திர எழுத்தர் கடையில் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பார்கள். நீல மையில் கோடு போட்ட இடங்களைக் காட்டி "இங்க, இங்க, இங்க" என்று பக்கம் புரட்டுவார்கள். சொத்து விவரம் கடைசித் தாள்களில் இருக்கும், அதை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. அப்புறம் உள்ளே கூப்பிட்டு, கேமராவைப் பார்க்கச் சொல்லி, ரேகை எடுத்து, "சம்மதத்தோடதான் எழுதிக் குடுக்கீங்களா?" என்று சார்பதிவாளர் கேட்பார். அந்தக் கேள்விக்கு நீங்கள் "இல்லை" என்றால் பத்திரம் பதிவாகாது. ஆனால் அண்ணன்கள் இருவரும் பின்னால் நிற்க, அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அந்த நிமிஷத்தில் இல்லை என்று சொன்ன பெண்கள் மிகக் குறைவு. யோசிப்பதை வீட்டிலேயே முடித்துவிட்டுத்தான் அங்கே போக வேண்டும்.

பதிவான விடுதலைப் பத்திரத்தைப் பிறகு ரத்து செய்வது லேசில்லை. ஏமாற்றினார்கள் அல்லது மிரட்டினார்கள் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், அதுவும் விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். "படிக்காமல் போட்டேன்" என்பது மட்டும் அங்கே எடுபடாது. பொது அதிகாரப் பத்திரம், வெற்று முத்திரைத்தாள், பட்டா மாற்றத்துக்கு என்று நீட்டும் ஒப்புதல் கடிதம், எதுவானாலும் இப்போதைக்கு அதே ஜாக்கிரதைதான்.

பங்கு இல்லை என்றால் கையெழுத்து எதற்கு?

"பொண்ணுகளுக்கு இதுல பங்கு கிடையாது" என்று சின்ன அண்ணன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பங்கு இல்லாதவரிடம் யாரும் விடுதலை வாங்குவதில்லை. தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் அம்மாவோடு சேர்த்து ஐந்து பெயர் இருக்கிறது. அதைப் பார்த்த வாங்குபவரின் வக்கீல் "தங்கச்சிமார் கையெழுத்து இல்லாமல் வேண்டாம்" என்று சொல்லியிருப்பார், வேறொன்றும் இருக்காது. நீங்கள் கையெழுத்துப் போடாமல் அவர்கள் விற்றால், அந்த விற்பனை உங்கள் பங்கைக் கட்டுப்படுத்தாது.

அக்காவின் பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "89-க்கு முன்னாடி கல்யாணம் ஆனவ, எனக்குக் கிடையாது" என்று அவர் சொன்னதில் பழைய உண்மை ஒன்று இருக்கிறது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானமாகப் போட்ட பெண் சொத்துரிமை, தமிழ்நாட்டில் சட்டமாவதற்கு 60 வருஷம் ஆனது. 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று வந்தபோது, அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆன மகள்களை விட்டுவிட்டார்கள். அக்கா மனதில் நிற்பது அதுதான். ஆனால் 2005 செப்டம்பர் 9 முதல் மத்திய அரசின் திருத்தம் அமலுக்கு வந்தது. கல்யாணம் எப்போது ஆனது என்ற கேள்வியே அதில் இல்லை. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று பல வருஷம் குழப்பம் இருந்தது. உரிமை பிறப்பால் வருவது, அப்பா இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் முடிவு சொல்லிவிட்டது. உங்கள் அப்பா 2021 வரை இருந்தவர், ஆகவே உங்கள் வீட்டில் அந்தக் கேள்வியும் எழாது. அக்காவுக்கும் உங்களுக்கும் உரிமை ஒன்றுதான்.

2002-லேயே அண்ணன்கள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டார்கள் என்று ஒரு பேச்சு வந்ததாம். 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பு மூலமோ பிரித்திருந்தால் அது செல்லும். வெறும் வாய்மொழிப் பாகத்தை, அரசு ஆவணங்களின் வலுவான ஆதாரம் இல்லாமல் நீதிமன்றம் லேசில் ஏற்காது. அப்பா இருந்த வரைக்கும் தீர்வை ரசீது யார் பெயரில் இருந்தது என்று பாருங்கள், பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

யாருக்கு எவ்வளவு

தாத்தா வழியில் வந்ததெல்லாம் பூர்வீகச் சொத்து என்று நீங்களும் நினைக்கிறீர்கள், அண்ணன்களும் நினைக்கிறார்கள். அப்படி எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது. அந்த வயல் தாத்தா தானே வாங்கியதாக இருந்து, அவர் உயில் எழுதாமல் 1971-ல் இறந்திருந்தால், 1956 வாரிசுரிமைச் சட்டப்படி அது உங்கள் அப்பாவுக்குத் தனிச்சொத்தாகத்தான் வந்திருக்கும். தாத்தாவுக்கே அவருடைய அப்பா வழியில் பிரிக்கப்படாமல் வந்த நிலமென்றால் பூர்வீகம். எது என்பதை, நிலம் முதலில் எப்படிக் கைக்கு வந்தது என்று காட்டும் மூலப்பத்திரம்தான் சொல்லும்.

அப்பாவின் தனிச்சொத்து என்றால் அம்மா, இரண்டு அண்ணன்கள், அக்கா, நீங்கள் என ஐந்து பேருக்கும் சமம். இரண்டரை ஏக்கர் என்பது 250 செண்ட், ஆளுக்கு 50 செண்ட். பூர்வீகம் என்றால் முதலில் அப்பாவுக்கும் நான்கு பிள்ளைகளுக்குமாக ஐந்தாகப் பிரித்து, அப்பாவின் 50 செண்டை மறுபடி அம்மாவுக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் ஐந்தாகப் பிரிப்பார்கள். அப்போது உங்களுக்கு 60 செண்ட் வரும். அம்மாவுக்கு வெறும் 10 செண்ட்.

ஆக, பூர்வீகமா தனிச்சொத்தா என்று நீங்களும் அண்ணன்களும் மல்லுக்கட்டினால் உங்கள் யாருக்கும் பெரிய வித்தியாசம் வரப்போவதில்லை. அடிபடுகிறவர் 74 வயது அம்மா. "சண்டை வேண்டாம்" என்று சொல்கிற அவரிடமும் அதே பத்திரத்தில் கையெழுத்து வாங்கப் போகிறார்கள் என்பதைக் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் அதிகம் கவலையாக இருக்கிறது. கையில் சொத்து இருக்கும் வரை ஒரு தாய்க்கு வீட்டில் இருக்கும் இடம் வேறு, எழுதிக் கொடுத்த பிறகு வேறு. எல்லா வீட்டிலும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோட்டாட்சியர் முன்னால் பெற்றோர் பராமரிப்பு மனு கொடுக்க வருகிற பலரும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள்தான். அம்மா எதை விட்டுக்கொடுத்தாலும், சாகும் வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையும் மாதம் இவ்வளவு என்ற செலவுப் பணமும் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். வாய் வார்த்தை போதாது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 50 செண்டுக்கு இரண்டு லட்சம் என்றால் செண்ட் நாலாயிரம் ரூபாய். வீட்டுப் பங்கும் மனைப் பங்கும் அதற்குள்ளேயே அடக்கம். பிளாட் போடுகிறவர் செண்ட் என்ன விலை பேசியிருக்கிறார் என்று அண்ணனிடம் கேளுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பும் இருக்கும்.

பழைய வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வந்தால்தான் பெண் குடியிருப்பு வீட்டில் பாகம் கேட்க முடியும் என்று முன்பு ஒரு பிரிவு இருந்தது. 2005-ல் அதை எடுத்துவிட்டார்கள்.

நான் சொன்னதெல்லாம் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி. இதைப் படிக்கிற கிறிஸ்தவ வாசகிகளுக்குக் கணக்கு வேறு: உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு ஆண் பெண் வித்தியாசமில்லாமல் சமம். இஸ்லாமியக் குடும்பங்களுக்கும் தனிச்சட்டம்தான். மேலப்பாளையத்திலிருந்து வந்திருக்கும் ஒரு கடிதத்துக்கு இன்னொரு முறை விவரமாக எழுதுகிறேன்.

உயில் இருக்கிறது என்றால்

"அப்பா எழுதி வச்சிருக்கார்" என்று மதினி ஒருமுறை சொன்னாராம், யாரும் காட்டவில்லையாம். உயில் பதிவாகியிருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு சாட்சிகள் முறைப்படி கையெழுத்திட்டிருந்தால் வெள்ளைத்தாள் உயிலும் செல்லும். ஆகவே "பதிவாகலைன்னா செல்லாதாமே" என்று நீங்கள் கேள்விப்பட்டது தவறு. 1992-ல் வாங்கிய மனை அப்பாவின் சுயசம்பாத்தியம். அதை மகன்களுக்கு மட்டும் எழுதி வைக்க அவருக்கு முழு உரிமை இருந்தது. வருத்தமாக இருக்கலாம், வழக்காக ஆகாது. வயல் பூர்வீகம் என்றால், அதில் தன் பங்கை மட்டும்தான் அவர் உயில் எழுதியிருக்க முடியும்.

சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றிதழில் உயில் வராது. பலருக்கு இது தெரியாமல், வில்லங்கம் சுத்தமாக இருக்கிறதே என்று இருந்துவிடுகிறார்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழோடு பதிவு அலுவலகத்தில் விண்ணப்பித்தால், பதிவான உயில் இருக்கும்பட்சத்தில் நகல் கிடைக்கும். அண்ணனிடமும் நேராகக் கேளுங்கள்: "உயில் இருந்தா ஒரு ஜெராக்ஸ் குடுங்க அண்ணே." இல்லாத உயில் அந்தக் கேள்வியோடு காணாமல் போய்விடும்.

நகையும் பொங்கப்படியும்

முப்பது பவுன் போட்டதால் பங்கு கழிந்துவிட்டது என்று சட்டம் சொல்லவில்லை. சீதனம் உங்கள் சொத்து, வாரிசுப் பங்கு வேறு. பொங்கப்படி, பிள்ளைகளுக்குச் செய்த தாய்மாமன் சீர், எல்லாம் அன்பில் செய்தவை, கணக்கில் வரவு வைப்பவை இல்லை.

ஆனால் சட்டத்தை மட்டும் பேசி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. அப்பாவின் கடைசி இரண்டு வருஷ வைத்தியச் செலவைப் பெரிய அண்ணன் பார்த்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வயலுக்கு அவர்தான் தண்ணீர் பாய்ச்சினார், வரப்பு வெட்டினார். பேச உட்காரும்போது இவற்றை அவர் சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொல்லுங்கள். அதற்கு ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளச் சம்மதித்தால் அது நியாயமாகவும் இருக்கும், பேச்சின் சூடும் பாதி தணியும். பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பு 2007 சட்டப்படி மகளுக்கும் உண்டு என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள். பங்கில் சமம் என்றால் அம்மா செலவிலும் சமம்.

வாசலை மிதிக்கக் கூடாது என்ற மிரட்டல் உண்மையாகிவிடுமா? சில வீடுகளில் ஆகியிருக்கிறது. பல வீடுகளில் ஒரு வருஷம் இரண்டு வருஷம் பேச்சு நின்று, ஒரு சடங்கிலோ சாவிலோ மறுபடி சேர்ந்துகொண்டதையும் பார்த்திருக்கிறேன். நிச்சயமாக எதையும் சொல்ல முடியாது. ஒன்று கவனித்திருக்கிறேன்: பங்கு கேட்டதைவிட, கேட்ட விதமும் யாரை முன்னால் நிறுத்திக் கேட்டார்கள் என்பதும்தான் அதிகம் காயப்படுத்துகிறது. வக்கீல் நோட்டீஸ் முதல் கடிதமாகப் போகக் கூடாது. உங்கள் கணவர் போய்ப் பேசுவதும் கூடாது. "மாப்பிள்ளை தூண்டிவிடுதாரு" என்று அந்த நிமிஷமே பேச்சு திசைமாறிவிடும். நீங்களும் அக்காவும் போங்கள்.

உங்கள் முன்னால் உள்ள வழிகள்

முழுசாக விட்டுக்கொடுப்பதும் ஒரு வழி. எல்லாம் தெரிந்துகொண்டு, யாரும் நெருக்காமல், அண்ணன்களுக்கு இருக்கட்டும் என்று மனசார எழுதிக் கொடுத்தால் அதில் ஏமாளித்தனம் எதுவும் இல்லை. அது உங்கள் உரிமை, யாருக்கும் கொடுக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிவது பயம். பயத்தில் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

நியாயமான விலைக்கு விடுதலை எழுதுவது இரண்டாவது. உங்கள் குடும்பத்துக்கு இதுதான் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. வாரிசுகளில் ஒருவர் தன் பங்கை விற்றால், வாங்குவதில் மற்ற வாரிசுகளுக்கு முன்னுரிமை தரும் பிரிவு சட்டத்திலேயே இருக்கிறது. வயலை விற்கிற விலையில் உங்கள் பங்குக்கு உரிய தொகையைக் கேளுங்கள், பழைய வீட்டை அம்மா காலம் வரைக்கும் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். எல்லாம் கேட்கிறாள் என்ற பேச்சு எழாது. பணம் வங்கி வழியாகத்தான் வர வேண்டும், பத்திரத்தில் முழுத்தொகையும் எழுதியிருக்க வேண்டும், காசோலை பாஸான பிறகு பதிவு. "பாதி இப்ப, மீதி அறுப்புக்கு அப்புறம்" என்பதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நிலமாகவே பிரித்து வாங்கும் பாகப்பிரிவினையும் உண்டு. 50 செண்டை வைத்துக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து நீங்கள் கார், பிசானம் என்று இரண்டு போக நெல்லும் பார்க்க முடியுமா என்று யோசியுங்கள். குத்தகைக்கு விடலாம், வருமானம் கொஞ்சம்தான் வரும். ஆனால் நிலம் உங்கள் பெயரில் நிற்கும்.

கடைசி வழி பாகப்பிரிவினை வழக்கு. இதில் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். முதல்நிலைத் தீர்ப்பு, பிறகு நீதிமன்ற ஆணையர் வந்து அளந்து இறுதித் தீர்ப்பு, நடுவில் மேல்முறையீடு என்று வருஷங்கள் ஓடும். வழக்கு நடக்கும்போது யார் வாங்கினாலும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டுத்தான் வாங்க வேண்டும், அந்தப் பாதுகாப்பு உண்டு. அதற்கு முன் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு மனு கொடுத்துப் பாருங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே வக்கீல் இலவசம். வசதி இல்லாதவர்களுக்கு மட்டும் என்று நினைத்துப் பல பெண்கள் போகாமலே இருந்துவிடுகிறார்கள்.

பன்னிரண்டு வருஷத்தில் உரிமை போய்விடும் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். கூட்டுச்சொத்தை ஒருவர் அனுபவித்தால் எல்லோர் சார்பிலும் அனுபவிப்பதாகத்தான் அர்த்தம். "உனக்கு உரிமையே கிடையாது" என்று வெளிப்படையாக மறுத்து விலக்கி வைத்த நாளிலிருந்துதான் அந்தக் கணக்கு ஓடத் தொடங்கும். அவசரமில்லை, அதற்காகத் தூங்கியும் விடாதீர்கள்.

உங்கள் கணவர் சொல்வது

பிறந்த வீட்டிலிருந்து வரும் பங்கு உங்கள் தனிச்சொத்து. நீங்கள் இருக்கும் வரை கணவருக்கு அதில் எந்த உரிமையும் கிடையாது. அவர் கடன் அவர் கடைக்கு வாங்கியது. ஜாமீன் கையெழுத்து நீங்கள் போட்டிருந்தால் மட்டும் அது உங்களையும் தொடும், போட்டிருக்கிறீர்களா என்று எழுதவில்லை, பாருங்கள். உதவக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் கடன் என்பது ஒருவர் தலையோடு நிற்பதில்லை. உதவுவதானால் எவ்வளவு என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், வங்கிக் கணக்கு வழியாகக் கொடுங்கள், நிலத்தை அவர் பெயருக்கு மாற்றி எழுதாதீர்கள். அண்ணன்களுக்குச் சொன்ன அதே "டயம் குடுங்க" அவருக்கும் பொருந்தும். இந்தப் பேச்சுக்காக அவர் இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் கை ஓங்குவதோ செலவுக்குப் பணம் நிறுத்துவதோ நடந்தால் 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அது வேறு சட்டம், வேறு பாதுகாப்பு.

கடையைப் பங்கோடு கட்டிப்போடாதீர்கள்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்த இடம்தான். "பங்கு வந்தால் கடை" என்று எழுதியிருக்கிறீர்கள். பங்கு இந்த வருஷம் வரலாம், பத்து வருஷம் கழித்து வரலாம், மனசு மாறி நீங்களே விட்டுக்கொடுக்கலாம். ஒரு தையல் கடைக்குத் தேவை ஒரு ஷட்டர் அறை, அட்வான்ஸ், இரண்டு மிஷின், ஆரி ஸ்டாண்டு. மிஷினும் ஸ்டாண்டும் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. கல்யாண சீசனில் ஒரு ஆரி பிளவுஸுக்கு நீங்கள் வாங்கும் கூலியைப் பார்த்தேன். பாளையங்கோட்டையில் அதற்கு யாரும் இரண்டு மடங்கு கேட்பார்கள். தெருவில் தெரிந்தவர்கள் என்று குறைத்து வாங்குவதை முதலில் நிறுத்துங்கள்.

உங்கள் பெயரில் தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, தையல் வருமானத்தை அதில் போடுங்கள். ஆறு மாத வரவு தெரிந்தாலே வங்கி மேலாளர் பேச்சை வேறு மாதிரி தொடங்குவார். மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டக் கடன் பற்றி விசாரியுங்கள், அதில் பெண்களுக்கு மானிய விகிதம் கூடுதல். சுய உதவிக் குழுவில் இருந்தால் மகளிர் திட்ட அலுவலகம் வழியாகவும் கடன் கிடைக்கும். பொங்கலுக்கு முன்னால் கடை திறக்க முடியுமா என்று கணக்குப் போடுங்கள். கடை ஓட ஆரம்பித்துவிட்டால் அண்ணன்களோடு பேசும்போது உங்கள் குரலே வேறாக இருக்கும். அவர்கள் என்ன தருவார்கள் என்பதில் உங்கள் பிழைப்பு தொங்கிக்கொண்டிருக்காது.

மூன்று மணி முழிப்பைப் பற்றி: நான் டாக்டர் இல்லை. ஆனால் 46 வயது, மாதவிடாய் முறை தவறி வருகிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்று எழுதிவிட்டு எல்லாவற்றையும் "அண்ணன் கவலை" என்று போட்டிருக்கிறீர்கள். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வருஷங்களில் இதெல்லாம் வரும், தைராய்டு, ரத்தசோகை இருந்தாலும் வரும். நெஞ்சுப் படபடப்பைத் தள்ளிப்போடாதீர்கள். ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிச் சீட்டுப் போட்டுப் பாருங்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின் சோதனைகளைக் கேளுங்கள். மனசு பாரம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

இப்போது செய்ய வேண்டியது: வயலின் சர்வே எண்ணைத் தீர்வை ரசீதிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். பட்டாவும், நில விவரம் இருக்கும் அ-பதிவேடும் வருவாய்த்துறை இணையதளத்தில் பார்க்கலாம். பட்டாவில் அண்ணன் பெயர் மட்டும் இருந்தால் பதற வேண்டாம், பட்டா மட்டும் உரிமையை முடிவு செய்யாது. வில்லங்கச் சான்றிதழை 1975-க்கு முன்பிருந்தே கேட்டு எழுத்துப்பூர்வமாக விண்ணப்பியுங்கள், மூலப்பத்திரத்தின் எண் அதில் கிடைக்கலாம். அதன் நகல், வாரிசுச் சான்றிதழ், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், ஆதார், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். போவதற்கு முன் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். அண்ணன் நீட்டிய வரைவுப் பத்திரத்தின் ஜெராக்ஸ் கிடைத்தால் அதையும் எடுத்துப் போங்கள். கடைசித் தாளில் சொத்து விவரத்தில் 1992 மனையும் சேர்த்து எழுதியிருக்கிறார்களா என்பதை அங்கே உட்கார்ந்து வரிவரியாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.